மாமாவை அழைத்து வரப் போன கார்

கரண்ட்டு என்ற பேர் அவனுக்குக் கார் வாங்குவதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி அடுக்குமாடிக் கட்டடங்களிலும் இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டி அலறிக்கொண்டிருப்பார்கள். இவன் மொட்டை மாடி மெஷின் அறையில் நின்றுகொண்டு, "பயப்படாதீங்க, கரண்ட்டு எங்கயும் ஓடிப்போகாது, இதோ வந்துடும்" என்று சாவகாசமாகக் குரல் கொடுப்பான். அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. அவனுக்கும் அதில் பெருமைதான்.

கேஸ் அடுப்பை ஓரங்கட்டிவிட்டுக் கரண்ட் அடுப்புக்கு மாறியதில் தெருவிலேயே முதல் ஆள் அவன். முதலில் மின்சாரக் கார் வாங்கியவனும் அவனே. வெள்ளை நிறம், புத்தம் புதுசு. படுக்கப் போகும் முன் ஜன்னல் வழியாக ஒயரை நீட்டிச் செருகிவிடுவான். விடிந்தால் நிறைந்து நிற்கும். பின்னால் டூல் பெட்டி, கிரீஸ் டப்பா, ரோப் சுருள் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினாலும் சாயங்காலம் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். புகை இல்லை, இரைச்சல் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பூனை மாதிரி வந்து நிற்பான். பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் காரைப் பற்றியே பேச்சு. "இன்னமும் டீசல் ஊத்திக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டு, எதிராளி பதில் சொல்வதற்குள் பானட்டைத் திறந்து காட்டிவிடுவான். தூரமாப் போக முடியுமா என்று யாராவது கேட்டால், கம்பெனிக்காரன் புத்தகத்தில் அச்சடித்திருந்த கணக்கை அப்படியே ஒப்பிப்பான். அவன் அதிகபட்சமாக ஓட்டிப் போனது ஊர் எல்லையில் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கு வரைதான். அதை யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அவனுக்கு ஒரே அக்கா. துணிக்கடை ஒன்றின் மாடியில் உட்கார்ந்து, வாங்குகிறவர்களின் அளவுக்குச் சட்டையையும் பேன்ட்டையும் பிடித்துத் தைத்துக் கொடுக்கிற வேலை. அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டிவிட்டு வரும் வழியில் கண் அசந்துவிட்டார். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரப் பையன் அந்த இடத்திலேயே போய்விட்டான். மாமா கோர்ட்டில் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தூரத்து மலைக்கு அந்தப் பக்கம் இருந்த சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்கா மாதம் தவறாமல் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கரண்ட்டு போனது ஒரே ஒரு தடவை. அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று என்ன பேசுவதென்று தெரியாமல், லிஃப்டில் இப்போதெல்லாம் புது மாதிரி மோட்டார் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தான். அதற்கப்புறம் அக்கா கூப்பிடும்போதெல்லாம் அவனுக்கு ஏதாவது ஒரு லிஃப்ட் நின்றுபோயிருக்கும். வேலைக்குப் போகிற வீடுகளில், "உங்க மாமாவைக் காணோமே?" என்று பழகினவர்கள் கேட்டால், "வெளிநாட்டுல இருக்காரு" என்பான். முதல் தடவை சொன்னபோது உள்ளே குத்தியது. பிறகு குத்தவில்லை. வாய் பழகிவிட்டது.

மாமாவை விடுகிற நாள் முடிவாகிவிட்டதாகச் சிறை ஆபீஸிலிருந்து அக்காவுக்கு போன் வந்தது. அவள் எப்போதும் போல, முந்தின நாள் சாயங்காலமே பஸ் ஏறி, அங்கே பஸ் நிலையத்துப் பக்கத்து லாட்ஜில் தங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

"பஸ்ஸா? என்னக்கா பேசற நீ? அவர் வெளிய வர்ற நாள்ல பஸ்ல இடிபட்டுக்கிட்டா கூட்டிட்டு வருவ? என் வண்டி எதுக்கு இருக்கு?"

"அவ்வளவு தூரம் போகுமாடா?"

"அங்க போயிட்டு ஊரைச் சுத்திப் பாத்துட்டு வரும்க்கா."

அவன் பெண்டாட்டிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "நீங்க அந்த வண்டியில வெளியூரே போனதில்லையே. தெரிஞ்ச வேன்காரர் வர்றேங்கறாரு, ஒரு நாள் அவரையே கூப்பிட்டா என்ன?" என்றாள்.

"வீட்டுல கார வெச்சுக்கிட்டு வேன் கூப்பிட்டா ஊர் சிரிக்கும்" என்று அவள் வாயை அடைத்துவிட்டான்.

அவன் மனதில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சிறைக் கதவு திறக்கிறது. மாமா வெளியே வருகிறார். எதிரில் சத்தமில்லாமல் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. அவனே இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிடுகிறான். போய்ப் பார்க்காத நாலு வருஷமும் அந்த ஒரு கதவைத் திறந்துவிட்டதில் நேராகிவிடும் என்று அவன் நம்பினான். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அதற்காகத்தான் அந்தப் பிடிவாதம்.

விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள். அக்கா இருக்கிறதிலேயே நல்லதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதில் மாமாவுக்குப் புதுச் சட்டை. மெலிந்துபோயிருப்பார் என்று அவளே ஒரு கணக்குப் போட்டு, தோளையும் இடுப்பையும் பிடித்துத் தைத்திருந்தாள்.

ஊரைத் தாண்டி அகலச் சாலையில் ஏறியதும் கரண்ட்டு காலை அழுத்தினான். வண்டி வழுக்கிக்கொண்டு பறந்தது. ஏசி ஜிலுஜிலுவென்றது. "எப்படிக்கா?" என்றான். "கப்பல் மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா. கொஞ்ச தூரம் போனதும் முன்னால் இருந்த திரையில் கண் பட்டது. மீதி தூரம் என்று காட்டும் எண், சாலையோர மைல் கல்லை விட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏதோ கோளாறு, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தான். சரியாகவில்லை. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போது மிச்சம் பிடிக்கிற வண்டி, திறந்த சாலையில் எதிர்க்காற்றில் விரட்டும்போது மளமளவென்று குடிக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. புத்தகத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. அல்லது எழுதியிருந்து அவன் படிக்கவில்லை.

அக்கா பார்த்துவிடப் போகிறாளே என்று திரையைப் பாட்டுப் பக்கத்துக்கு மாற்றினான். வேகத்தைக் குறைத்தான். பிறகு ஏசியை அணைத்துவிட்டு, "வெளிக்காத்து எவ்வளவு நல்லா இருக்கு பாரு" என்று கண்ணாடியை இறக்கினான். வெளிக்காற்று அனலாக அடித்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கண்ணாடி திறந்திருந்தாலும் கரண்ட்டு செலவாகும் என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வர, அதையும் பாதிக்கு ஏற்றினான். இரண்டு பேரும் வேர்த்து வழிந்தார்கள்.

சார்ஜ் போடும் இடம் என்று போன் காட்டிய முதல் ஹோட்டலில், பின்பக்கம் இருந்த மெஷின்மேல் கோணிப்பையைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் பல் குச்சியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "அது போன மழையிலயே போயிடுச்சுங்க. ஆள் வர்றேன்னாங்க, வரல."

"என்னடா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா, அடுத்த இடத்துல போட்டுக்கலாம். அங்கதான் வேகமா ஏறும்."

அடுத்த இடம் மலையடிவாரத்துச் சின்ன ஊர். பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரே ஒரு மெஷின் இருந்தது, வேலையும் செய்தது. ஆனால் வேறொரு கார் அதில் மாட்டியிருந்தது. அதன் ஆள் எங்கே என்று விசாரித்தால், சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். அவர் பல்லைக் குத்திக்கொண்டு ஆற அமர வந்து வண்டியை எடுத்த பிறகு, மெஷின் இவனிடம் ஏதோ ஒரு ஆப் கேட்டது. அந்த ஆப்பை இறக்க சிக்னல் இல்லை. போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பங்க் முழுக்க நடந்தான். மின்சாரத்தோடு இருபது வருஷம் குடும்பம் நடத்தியவன், ஒரு ஒயரைச் செருக வழியில்லாமல் தெரு நாய் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தான். ஒருவழியாக ஏறத் தொடங்கியபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது.

பங்குக்கு எதிரிலேயே பஸ் நிறுத்தம். சிறை இருக்கிற ஊரின் பேரைப் போட்ட பஸ் ஒன்று இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றது. கண்டக்டர் ஊர் பேரைக் கூவிக்கொண்டிருந்தார். அக்கா காரை விட்டு இறங்கி வந்து தம்பியின் பக்கத்தில் நின்றாள்.

"தம்பி, நான் வேணா அந்த பஸ்ல முன்னாடி போயிடட்டுமா? அவர் வெளிய வர்றப்ப யாராவது ஒருத்தர் நின்னா போதும். நீ நிதானமா போட்டுக்கிட்டு வா."

எத்தனை எளிய யோசனை! சரிக்கா, ஓடு என்று சொல்லியிருக்க வேண்டியதுதான். ஆனால் கதவருகில் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்பதும், தன் கார் எப்போதோ பின்னால் வந்து சேர்வதும் அவன் கண்முன் வந்தது.

"எதுக்குக்கா? இதோ முடியப் போகுது. பஸ் நின்னு நின்னு போகும். நாம அதைத் தாண்டிப் போயிடலாம். அதுவுமில்லாம ஜெயில்ல எல்லாம் சொன்ன நேரத்துக்கு விடமாட்டாங்க. கையெழுத்து அது இதுன்னு இழுத்தடிப்பாங்க."

"நிஜமாவா?"

"விசாரிச்சிட்டேன்க்கா."

அவன் யாரையும் விசாரிக்கவில்லை. அக்கா அவனை வற்புறுத்தவில்லை. பஸ் கிளம்பி வளைவில் திரும்பி மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மலைப்பாதையில் வண்டி இன்னும் அதிகமாகக் குடித்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க, ஓரமாக ஒட்டிக்கொண்டு நத்தை மாதிரி ஏறினான். அந்தப் பக்கம் இறங்கி, சிறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரமே தாண்டிவிட்டது. பெரிய கதவு மூடியிருந்தது. எதிரில் ஒரு மரம், அதன் அடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. பெஞ்சில் யாரும் இல்லை.

வாசல் காவலர் பேரைக் கேட்டதும் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். மாதம் தவறாமல் வருகிற முகம், அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"காலையிலயே விட்டாச்சேம்மா. அந்த பெஞ்சுலதான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. பஸ் வர்ற சத்தம் கேட்டா எழுந்து எழுந்து பாத்தாரு. ரெண்டு தடவை வந்து, எனக்கு போன் எதுவும் வந்துச்சான்னு கேட்டாரு. நீங்க வராம இருக்கமாட்டீங்கன்னு நான்கூடச் சொன்னேன்."

"இப்ப எங்க?"

"கொஞ்ச நேரம் முன்னாடி எழுந்து, அந்த ரோட்டுல நடக்க ஆரம்பிச்சிட்டாரு."

அக்கா காவலரைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். தம்பியை மட்டும் பார்க்கவில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை. வந்த வழியிலேயே எங்கோ அவரைத் தாண்டி வந்திருக்க வேண்டும் என்பதும், லாரிகளுக்கு ஓரம் கொடுப்பதிலும் திரையைப் பார்ப்பதிலும் தான் சாலையோரத்தைப் பார்க்கவே இல்லை என்பதும் அவனுக்கு அப்போது விளங்கியது. காரைத் திருப்பினான்.

ஊரை விட்டு வெளியே, வெயில் கொளுத்தும் சாலையோரத்தில் மாமா நடந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே போகும்போது போட்டிருந்த அதே சட்டை, இப்போது தோளில் தொங்கியது. கார் பக்கத்தில் வந்து நின்றது அவருக்குக் கேட்கவே இல்லை. சத்தமில்லாத வண்டியாயிற்றே. அக்கா கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்த பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினார்.

அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "வரமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். "அதுவும் நியாயம்தான்னு நெனச்சேன்."

அக்கா அழுதாள். "வழியில நேரமாயிடுச்சுங்க" என்றாள். எதனால், யாரால் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரண்ட்டு பின் கதவருகில் வந்து நின்றான். தான் மனதில் ஓட்டிப் பார்த்த காட்சியில் இருந்த அதே கதவுதான். திறந்துவிட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நின்றான். மாமா தானே அதைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

"புது வண்டியா மாப்ள? நல்லா இருக்கு."

"ம்" என்றான்.

வண்டியில் மிச்சம் மிகக் கொஞ்சம்தான் இருந்தது. திரும்பி அந்த ஊருக்குள்ளேயே போய் எங்கேயாவது சார்ஜ் தேடியிருக்க வேண்டும். ஆனால், 'வீட்டுக்குப் போலாம்டா' என்று அக்கா சொன்ன பிறகு, மாமாவை அதே சிறை இருக்கிற ஊருக்குத் திரும்பக் கூட்டிப்போக மனம் வரவில்லை. முன்னால் கொஞ்சம் சரிவு இருக்கிறது, இறக்கத்தில் வண்டி தானே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், எப்படியாவது தள்ளிவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டு ஓட்டினான். சரிவு வந்தது, போனது. அதற்குப் பின் வந்த மேட்டில் வண்டி வேகம் குறைந்து, திரையில் சிவப்பாக எதையோ காட்டி, நடுரோட்டில் நின்றுவிட்டது.

"என்னாச்சு?" என்றார் மாமா.

"சார்ஜ் தீந்துடுச்சு மாமா."

மாமா இறங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "நியூட்ரல்ல போடு. நீ உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கோ."

"வேணாம் மாமா, நான் தள்றேன், நீங்க உள்ள உக்காருங்க."

"நான் ஸ்டியரிங் தொடமாட்டேன் மாப்ள" என்றார் மாமா. அதில் கோபம் எதுவும் இல்லை.

அப்படித்தான் ஆயிற்று. நாலு வருஷம் கழித்து வெளியே வந்த மனுஷன், வெளியே வந்த அன்றைக்கே மச்சினனின் காரை வெயிலில் தள்ளினார். பக்கத்தில் அக்காவும் நல்ல துணியோடு குனிந்து தள்ளினாள். கரண்ட்டு மகாராஜா மாதிரி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். பின்கண்ணாடியில் இரண்டு பேருடைய வேர்த்த முகமும் தெரிந்தது. அதைப் பார்க்கமாட்டாமல் கண்ணாடியைத் திருப்பி வைத்தான். எதிரே வந்த பஸ் மெதுவாகக் கடந்தபோது ஜன்னலிலிருந்து யாரோ, "பெட்ரோல் போட மறந்துட்டீங்களா?" என்று கத்த, பஸ் முழுக்கச் சிரித்தது. மானம் கப்பலேறுவது என்பார்களே, அவனுடையது அன்றைக்கு பஸ் ஏறிப் போயிற்று.

மேடு முடிகிற இடத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரி இருந்தது. தகரக் கூரை, ஈரத் தரை, உள்ளே மோட்டார் உறுமல். ரப்பர் பூட்ஸ் போட்ட நடுத்தர வயது அம்மா ஒருத்தி கொக்கியால் ஐஸ் பாளங்களை இழுத்து ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலாளி. விஷயத்தைக் கேட்டதும், "ஒயரு இருந்தா செருகிக்கோங்க. ஆனா சாதா ப்ளக்குதான். மெதுவாத்தான் ஏறும்" என்றாள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று அக்கா கேட்டாள். ஊர் போய்ச் சேரும் அளவுக்கு ஏற மறுநாள் விடிந்துவிடும் என்று கரண்ட்டு முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னான்.

ஐஸ்காரம்மா மாமாவையும் அவர் கையிலிருந்த பையையும் பார்த்தாள். "ரொம்பக் களைச்சுப் போயிருக்காரே. எங்கேர்ந்து வர்றீங்க?"

மாமா வாயைத் திறப்பதற்குள் கரண்ட்டு முந்திக்கொண்டான். "வெளிநாட்டுலேர்ந்தும்மா. மாமா இன்னிக்குத்தான் வந்தாரு."

யோசித்துச் சொன்னதில்லை. நாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லி நாக்கு நுனியில் இருந்தது, தானாக விழுந்துவிட்டது. விழுந்த பிறகுதான் யார் முன்னால் சொன்னோம் என்று தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை நாளாக, எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பான் என்று அவள் கணக்குப் போடுவது அவனுக்குத் தெரிந்தது.

"அப்படியா, எந்த நாடு?" என்று ஐஸ்காரம்மா வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"ஜெயில்லேர்ந்தும்மா" என்றார் மாமா. "லாரி ஓட்டினேன். தூங்கிட்டேன். ஒரு பையன் செத்துட்டான்."

அந்த அம்மா கொக்கியைக் கீழே வைத்தாள். மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கத் தைரியமில்லாமல் கரண்ட்டு தரையில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அவள், "பின்னாடி தொட்டி இருக்கு. நல்ல தண்ணி, ஜில்லுனு இருக்கும். குளிக்கணும்னு இருந்தா குளிங்க. யாரும் அவசரப்படுத்தமாட்டாங்க" என்றாள்.

மாமா வெகு நேரம் குளித்தார். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது. அக்கா புதுச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தம்பி அவள் எதிரில் போய் நின்றான்.

"அக்கா. நான் யாரையும் விசாரிக்கல. காலையில அந்த பஸ்ல நீ போயிருந்தா சீக்கிரமே போய்ச் சேந்திருப்ப. என் கெத்துக்காக உன்ன நிறுத்தினேன்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"திரையில பாட்டு வெச்சியே, அப்பலேர்ந்தே நீ எதையோ மறைக்கறேன்னு தெரியும். பாட்டே ஓடல, படம் மட்டும்தான் தெரிஞ்சுது." அவள் சட்டையின் காலரைத் தடவி மடிப்பை நீக்கினாள். "உன் வண்டி நின்னது பெரிசில்லடா. எல்லா வண்டியும் நிக்கும். நீ சொல்லியிருக்கலாம். வெளிநாடுன்னு வேற சொல்லி வெச்சிருக்க. நான் மாசா மாசம் எந்த வெளிநாட்டுக்குடா போயிட்டு வந்தேன்?"

மன்னிச்சிடுக்கா என்று சொல்ல வாயெடுத்தான். அது அந்த இடத்தில் சில்லறைத்தனமாகப் பட்டது, விட்டுவிட்டான்.

மாமா புதுச் சட்டையில் வந்தார். அளவு கச்சிதமாக இருந்தது. அக்கா, "பஸ்லயே போயிடலாம்" என்றாள். மாமா தலையாட்டினார். ஐஸ்காரம்மா சாலையில் இறங்கிக் கையை நீட்டி ஒரு பஸ்ஸை நிறுத்திக் கொடுத்தாள். ஏறுவதற்கு முன் மாமா அவன் தோளில் கையை வைத்தார்.

"அந்த பெஞ்சுல உக்காந்திருந்தது ஒரு மாதிரி இருந்துச்சு மாப்ள. அத இல்லேன்னு சொல்லமாட்டேன். பாத்து வா."

பஸ் போய்விட்டது. கரண்ட்டு மட்டும் காரோடு நின்றான். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. வேலை முடிந்ததும் ஐஸ்காரம்மா ஒரு டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, "வண்டி நல்ல வண்டிதான் போல. ஊருக்குள்ள ஓட்ட வாங்கினீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றான். அந்தக் கேள்வியைத் தன்னிடம் தானே கேட்டுக்கொள்ளத் தனக்கு இத்தனை தூரம் வர வேண்டியிருந்ததே என்று நினைத்துக் கூனிக் குறுகிப்போனான்.

மறுநாள் ஊர் வந்து சேர்ந்த பிறகு அந்தக் காரை அவன் விற்கவில்லை. ஊருக்குள் அதைப் போல வண்டி கிடையாது என்பது அப்போதும் உண்மைதான். பானட்டைத் திறந்து காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டான். யாராவது வாங்கலாமா என்று கேட்டால், "எங்க ஓட்டப் போறீங்க?" என்றுதான் முதலில் கேட்பான். தூரம் என்றால், நடுவில் எங்கே போடுவீர்கள், அந்த இடம் வேலை செய்கிறதா, அது இல்லாவிட்டால் அடுத்தது எங்கே, மேடா பள்ளமா, அவசரமா நிதானமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். கேட்கிறவர்களுக்கு அலுத்துப்போகும். மாமாவைப் பற்றி விசாரித்தவர்களிடம் உண்மையைச் சொன்னான். முன்பு சொன்னது பொய் என்றும் சொன்னான். சில வீடுகளில் அப்புறம் முன்னைப் போல உட்காரச் சொல்லவில்லை. அது மாமாவுக்காகவா, பொய்க்காகவா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மாமா, அக்கா வேலை செய்த துணிக்கடையின் கிடங்கில் மூட்டை பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். அக்கா தம்பியிடம் பேசாமல் இருக்கவில்லை. ஆனால் எங்காவது வெளியூர் போக வேண்டியிருந்தால் அவனிடம் கேட்கவும் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வேன் வைத்துக்கொண்டு போய் வந்ததை அவன் பெண்டாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டான். அன்றைக்கு ஒரு லிஃப்ட் குழியில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தவன், அங்கேயே கொஞ்ச நேரம் ஸ்பேனரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் மாமாவே போன் செய்தார்.

"மாப்ள, அந்தப் பையன் வீட்டுக்குப் போகணும். அவங்கம்மா இருக்காங்களாம். உங்கக்கா வேண்டாங்கறா. நான் போயே ஆகணும். நாளைக்கு உன் வண்டி வருமா?"

மாமா தன்னைக் கேட்டிருக்கிறார். போகும் மாமா, நான் கூட்டிட்டுப் போறேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஊர் பேரைக் கேட்டு, போனில் அந்தப் பாதையைப் பார்த்தான். கடைசிப் பெரிய ஊருக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

"வராது மாமா" என்றான். "போக வரும், திரும்ப வராது. அந்தப் பக்கம் போட இடமே இல்ல. பஸ்ல போலாம். நானும் வர்றேன்."

"சரி, வா" என்றார் மாமா.

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். அந்த வீட்டில் செத்துப்போன பையனின் அம்மா வாசலிலேயே நின்று அவர் யாரென்று கேட்டாள். அவர் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவளும் கதவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். "வந்துட்டீங்கல்ல, சரி. இனிமே வராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நாலடி தள்ளி நின்ற கரண்ட்டுக்கு உடம்பு கூசியது. அவர் தானே தேடிப் போய் ஏற்றுக்கொண்ட தலைகுனிவுக்கு முன்னால், தன்னுடைய தலைகுனிவு வெறும் வீம்பில் சம்பாதித்தது என்று பட்டது.

திரும்பி வர பஸ் இல்லை. வரும் வரும் என்று நிறுத்தத்தில் உட்கார்ந்தே இருந்தார்கள். வெயில் தாழ்ந்து நிழல் நீண்டது. மாமா சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அன்றைக்கு முழுக்க முதல் தடவையாக லேசாகச் சிரித்தார்.

"இதுக்கு உன் வண்டியையே தள்ளிக்கிட்டு வந்திருக்கலாம் போலிருக்கே மாப்ள."

கேலிதான், அன்பான கேலி. கரண்ட்டும் சிரிக்கத்தான் பார்த்தான். காது மடல் இரண்டும் சூடேறியதே தவிர, சிரிப்பு வரவில்லை. குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்வது போல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். மாமா அவனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு, நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.